மிகக் கடினம் என்று போர்டு வைத்த வயல்

யானை விரட்டுவதைக் கம்ப்யூட்டரில் கற்றுத்தர வேண்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றிய வருஷத்தில்தான் திம்மராயன் இரண்டு முறை செத்தான். அவன் மனைவி ராஜாத்தியும் இரண்டு முறை செத்தாள். ஒவ்வொரு முறையும் செத்து முடித்த பிறகு இருவரும் ஹைவே ஓரம் டீ குடித்துவிட்டு, பஸ் பிடித்து ஊர் திரும்பி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்கள்.

திம்மராயனுக்கு ஓசூருக்குப் பக்கத்தில் சானமாவுக் காட்டை ஒட்டி ஒரு ராகி வயல். ஒரு பக்கம் காடு. எதிர்ப்பக்கம் தொழிற்பேட்டையின் காம்பவுண்டுச் சுவர். காட்டுப் பக்கமிருந்து ராகி பால் பிடித்து முற்றும் காலத்தில் மட்டும் யானை வரும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருஷம் முழுக்க ஆட்கள் வருவார்கள், நிலத்தைக் கேட்டு. இரண்டில் யானையோடு பேசுவது சுலபம் என்பது ராஜாத்தியின் அபிப்பிராயம்.

யானையோடு பேசுவது என்று நான் சொன்னது சும்மா இல்லை. அந்தப் பக்கத்தில் வயலுக்குள் நின்று யானை என்ற பெயரைச் சொல்ல மாட்டார்கள். சாமி என்பார்கள். சாமி வந்தால் செருப்பைக் கழற்றிப் போட்டு, வரப்பில் நின்று, இரண்டு கையையும் கூப்பி, "ஹோகு சாமி, ஹோகு" என்று சொல்ல வேண்டும், போ சாமி, போ என்று அர்த்தம். யானைகள் கர்நாடகக் காட்டிலிருந்து வருகிறவை, தமிழில் சொன்னால் விளங்காது, அதனால் கன்னடம். காட்டோர மூலையில் கொஞ்சம் ராகியை அதற்கென்றே அறுக்காமல் விட்டிருப்பார்கள். பெரும்பாலும் அதைத் தின்றுவிட்டு, போகிற போக்கில் ஒரு வாழையைச் சாய்த்துவிட்டுப் போய்விடும். கும்பிட்டும் போகாவிட்டால்தான் வெடி. கும்பிடுவது திம்மராயன் வேலை, வெடி வைப்பது ராஜாத்தி வேலை. கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பங்கீட்டில் மாற்றம் இல்லை.

இப்படியெல்லாம் காட்டுமிராண்டித்தனமாக நடந்துகொள்ளக் கூடாது என்றுதான் சூளகிரி ஹைவேயில் மனித யானை மோதல் போர்த்திறன் மையம் திறக்கப்பட்டது. நொடித்துப்போன ஒரு கல்யாண மண்டபத்தில் அது இயங்கியது. மணமேடை இருந்த இடத்தில் பெரிய திரை. மாப்பிள்ளை பெண் உட்காரும் சிவப்பு வெல்வெட் சிம்மாசனங்களில் ஒன்றில் இயக்குநர் பூபதி உட்கார்ந்திருப்பார். இன்னொன்றில் அவருடைய தொப்பி இருக்கும். பூபதி சென்னையிலிருந்து வந்தவர், காட்டுக்குள் காலை வைத்ததில்லை, ஆனால் ராணுவத்தார் அணியும் புள்ளி போட்ட பச்சைச் சட்டையைத் தவிர வேறொன்றை அவர் மேல் யாரும் பார்த்ததில்லை.

மையத்தின் விதி எளிமையானது. காட்டோர விவசாயி ஒவ்வொருவரும் அங்கே வந்து கம்ப்யூட்டரில் தன் வயலைக் காக்க வேண்டும். உங்கள் வயல், உங்கள் வீடு, உங்கள் பெண்டாட்டி பிள்ளை எல்லாவற்றையும் விண்ணிலிருந்து எடுத்த படத்தை வைத்து அப்படியே திரையில் செய்து வைத்திருந்தார்கள். நீங்கள் ஆட்களை நிறுத்தலாம், அகழி வெட்டலாம், வெடி போடலாம், தீப்பந்தம் எறியலாம், துப்பாக்கி சுடலாம். யானைக் கூட்டத்தின் சார்பில் கம்ப்யூட்டர் ஆடும். ஜெயித்தால் உங்கள் வயலுக்கு நீங்களே காவல் இருக்க அனுமதி. மூன்று வாய்ப்பிலும் ஜெயிக்காவிட்டால் அது காக்க இயலாத நிலம். காக்க இயலாத நிலம் தொழிற்பேட்டையோடு சேரும். சுவரைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினால் போதும்.

அதாவது திம்மராயனுக்கு வயல் நிற்பதும் போவதும் இந்த மூன்று ஆட்டத்தில் இருந்தது. அவனுக்கு அதைத் தவிர வேறு நிலமும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது. கம்ப்யூட்டர் எலியை அவன் கையில் கொடுத்தபோது அதைத் தலைகீழாகத் திருப்பி அதற்கு வயிறு இருக்கிறதா என்று பார்த்தான்.

முதல் நாள் பூபதி மேடையேறி உரையாற்றினார்.

"அன்பார்ந்த விவசாய வீரர்களே. இந்த விளையாட்டில் நான்கு நிலைகள் உள்ளன. எளிது, நடுத்தரம், கடினம், மிகக் கடினம். யாருக்கு எந்த நிலை என்பதில் எங்களிடம் துளியும் பாரபட்சம் கிடையாது. யானையையே பார்த்திராத அதிகாரிகள் பாவம், அவர்களுக்கு எளிது. தொழிற்பேட்டை முதலாளிகளுக்கு நேரம் குறைவு, அவர்களுக்கும் எளிது. இந்த மண்டபத்தின் உரிமையாளர் திரு. நாராயணப்பன் அவர்களுக்கு எளிது, அது நன்றி உணர்வு. ஆனால் நீங்கள் பரம்பரை பரம்பரையாக யானையோடு வாழ்கிறவர்கள். உங்கள் அனுபவத்தை நாங்கள் அவமதிக்கத் தயாராக இல்லை. உங்களுக்கு மிகக் கடினம்."

விவசாயிகள் கை தட்டினார்கள். மரியாதை செய்கிறார்கள் என்று தெரிந்தது, என்ன மரியாதை என்று தெரியவில்லை.

பிறகு பூபதி தாமே ஆடிக் காட்டினார், எளிது நிலையில். திரையில் காட்டிலிருந்து யானைகள் வந்தன. ரெண்டு எட்டு வைக்கும், நிற்கும், இடமும் வலமும் பார்க்கும், பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி. அப்படி நிற்கும்போது பூபதி நெற்றியில் சுட்டார். ரத்தம் திரையின் ஓரம் வரை அடித்தது. அடுத்தது முன்னே விழுந்து கிடப்பதைப் பார்க்காமலே அதே வழியில் வந்து, அதே இடத்தில் நின்று, இடமும் வலமும் பார்த்தது. அதையும் சுட்டார். குட்டியைத் தீப்பந்தத்தால் கொளுத்தினார். எல்லாம் செத்த பிறகு மண்டபத்தின் பழைய ஸ்பீக்கரில் கெட்டிமேளம் ஒலித்தது. அதை மாற்றுவதற்கு யாருக்கும் நேரம் கிடைத்திருக்கவில்லை.

"வீரம் என்பது முன்னேறுவது," என்றார் பூபதி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "நான் ஒரு முறைகூடத் தோற்றதில்லை."

அடுத்தது திம்மராயன். அவன் வயல் திரையில் வந்ததும் ராஜாத்தி, "நம்ம வாழையப் பாருங்க, அப்படியே இருக்குது," என்றாள். வீட்டு வாசலில் அவளே குட்டியாக, சிவப்புச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு மேல் ராஜாத்தி என்று பெயர் எழுதியிருந்தது. காட்டிலிருந்து ஒரு கொம்பன் வந்தது. இது நிற்கவில்லை, இடம் வலம் பார்க்கவில்லை. நேராக வந்தது.

திம்மராயன் எலியை விட்டான். செருப்பைக் கழற்றினான். இரண்டு கையையும் கூப்பி, "ஹோகு சாமி" என்றான்.

இரண்டு கையும் எலியை விட்டால் சரண் என்பது மையத்தின் விதி. கம்ப்யூட்டர் சரணை ஏற்றுக்கொண்டது, ஆனால் ஆட்டத்தை நிறுத்தவில்லை. கொம்பன் குட்டித் திம்மராயனைத் துதிக்கையில் சுழற்றி வரப்பில் அறைந்தது. குட்டி ராஜாத்தியை வாசலிலேயே மிதித்தது. காலைத் தூக்கியபோது சிவப்புச் சேலை மட்டும் தரையோடு ஒட்டியிருந்தது.

ராஜாத்தி திரைக்குப் பக்கத்தில் போய் அந்தச் சேலையைப் பார்த்தாள். பிறகு, "என்னை எதுக்குங்க வாசல்ல நிறுத்துனீங்க? உள்ள போன்னு சொல்லியிருக்கலாமில்ல," என்றாள்.

"நான் எங்கடி நிறுத்துனேன், அவங்கதான் நிறுத்திக்கிறாங்க."

தோற்றவர்களுக்கு மையத்தில் தோல்வி உணரும் பயிற்சி உண்டு. மேடையில் மல்லாக்கப் படுக்க வைத்து மேலே வெள்ளைத் துணி போர்த்திவிடுவார்கள். மற்றவர்கள் எழுந்து நின்று மௌனம் காப்பார்கள். திரையில் செத்த குடும்பத்தார் எல்லோரும் படுக்க வேண்டும். ராஜாத்தியும் படுத்தாள். துணிக்கு அடியிலிருந்து, "ஏங்க, எறும்பு," என்று அவள் குரல் கேட்டதாகப் பக்கத்து ஊர்க்காரர்கள் இன்னமும் சொல்லுகிறார்கள்.

கம்ப்யூட்டரை இயக்குகிறவள் ஜெயப்ரியா. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை போய் இங்கே வந்து சேர்ந்தவள். துணியை விலக்கிவிட்டு எழுந்த திம்மராயனுக்கு அவள்தான் தண்ணீர் கொடுத்தாள்.

"பாப்பா, அவரு ஆடறப்ப அது ரெண்டு எட்டு வெச்சி நின்னுச்சே. எனக்கு ஏன் நிக்கல? நம்மளது கெட்டிக்கார சாமியா?"

"கெட்டிக்காரம்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நாலு நெலையிலயும் ஒரே யானைதான், ஒரே மூளைதான். எளிதுல வச்சா, அடிக்கதுக்கு முன்னாடி சும்மா நில்லுன்னு அதுக்குச் சொல்லியிருக்கு. பாதி வயலு அதுக்குக் கண்ணு தெரியாது. பலத்தையும் பாதியாக் கொறச்சிருக்கு. மிகக் கடினத்துல முழு வயலும் தெரியும், நீங்க எங்க ஒளிஞ்சாலும் தெரியும். ஒண்ணு செத்தா காட்டுக்குள்ளருந்து சும்மாவே இன்னொண்ணு பொறந்து வரும். உங்க வெடி பாதி நமுத்துப் போகும். அது நல்லா ஆடல அண்ணாச்சி. அதுக்கு அள்ளிக் குடுத்திருக்காவ, அவ்வளவுதான்."

திம்மராயன் யோசித்தான். "நம்ம நாராயணப்பண்ணன் மாதிரின்னு சொல்லு."

"ஆமா, அது மாதிரிதான்," என்றாள் ஜெயப்ரியா, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு.

இரண்டாவது ஆட்டத்தில் திம்மராயன் கும்பிடவில்லை. பூபதி சொன்னபடி முன்னேறினான். தன் வயலுக்குள் தானே தீ வைத்தான். காட்டோர மூலையில் அகழி வெட்டி இரண்டு யானைகளை அதற்குள் விழவைத்து மேலே கல்லை உருட்டினான். ஒன்றின் கண்ணில் சுட்டான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவனுக்கு அது பிடித்திருந்தது. வாழ்நாளில் ஒரு கோழியைக்கூட அறுக்கத் தயங்குகிறவன், பல்லைக் கடித்துக்கொண்டு, "வாடா, வா" என்றான். ராஜாத்தி பக்கத்தில் நின்று புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் திரையைவிட அதுதான் பயமாக இருந்தது.

அப்போது அவன் வீட்டுக் கொல்லைப்புறத்தில், காடே இல்லாத இடத்தில், வெறுந்தரையிலிருந்து மூன்று யானைகள் முளைத்தன. கூரை போனது. மாடு போனது. குட்டி ராஜாத்தி இந்த முறை ஓடினாள். ஓடி, திம்மராயன் வெட்டிய அகழியிலேயே விழுந்தாள். அவள் மேல் யானை விழுந்தது.

திம்மராயன் எழுந்து எலியைத் தரையில் அடித்து உடைத்தான். வாட்ச்மேன் ஓடி வந்து அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டான். திம்மராயன் அவன் சட்டையைப் பிடித்தான். இருவரும் மணமேடையில் உருண்டார்கள். உதடு கிழிந்து நிஜமாகவே ரத்தம் வந்தது. பூபதி சிம்மாசனத்திலிருந்து இதைக் கவனித்துவிட்டு, "பாருங்கள், பயிற்சி வேலை செய்கிறது," என்றார்.

அதே நேரத்தில் பக்கத்துக் கம்ப்யூட்டரில் நாராயணப்பன், எளிது நிலையில், ஒரு கையால் போனில் பேசிக்கொண்டே மறு கையால் காட்டையே காலி செய்துகொண்டிருந்தார். அவருக்குத் திம்மராயன் வயலுக்கு அடுத்த தோட்டம். தொழிற்பேட்டை இந்தப் பக்கம் நகர்ந்தால் தன் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்புக் கட்டலாம் என்று பிளான் போட்டு வைத்திருந்தவர். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், யானைக்கு அவரும் முன்பெல்லாம் கன்னடம்தான். இப்போது அவருக்குப் படைத்தலைவர் பட்டம் கொடுத்து, பச்சைப் புள்ளிச் சட்டையும் கொடுத்திருந்தார்கள்.

"ஏன்டா திம்மராயா, இவ்ளோ நாள் இதுக்குப் போய் கும்புடு போட்டுகினு இருந்தமே," என்றார். "ரெண்டு எட்டு வெக்கும், நிக்கும். நிக்கறப்ப அடி. அவ்ளோதான்டா."

"உங்களுக்கு நிக்குதுண்ணா."

"உனக்கும் நிக்கும். நீ சரியா பாக்கல."

மூன்றாவது ஆட்டத்துக்கு முன்பு திம்மராயன் ஜெயப்ரியாவிடம் கெஞ்சினான். அவன் யாரிடமும் கெஞ்சிப் பழகியவன் அல்ல, அதனால் அதைச் சரியாகச் செய்யத் தெரியவில்லை. "வயலு போச்சுன்னா இவளும் நானும் கம்பெனி வாசல்ல செக்யூரிட்டி வேலைக்குதான் நிக்கணும் பாப்பா. அதுவும் எங்க வயலு மேலயே கட்டுன கம்பெனி," என்று மட்டும் சொன்னான்.

ஜெயப்ரியா, இயக்குநர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து நிலையை எளிதுக்கு இறக்கினாள்.

கொம்பன் வந்தது. ரெண்டு எட்டு வைத்தது, நின்றது. திம்மராயன் ஒரு கையை எலியின் மேல் வைத்துக்கொண்டு மறு கையை நெஞ்சில் வைத்து, "ஹோகு சாமி" என்றான். அது இடமும் வலமும் பார்த்தது. அவன் சுடவில்லை. ஒரு வெடிகூடப் போடவில்லை. காட்டோர மூலைக்கு ஆள் அனுப்பாமல் சும்மா விட்டான். கூட்டம் அந்த மூலையில் போய் நின்று தின்றது. தின்று முடித்ததும், அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்த பசி தீர்ந்து போய், வந்த வழியே காட்டுக்குள் போய்விட்டது. வீடு நின்றது, மாடு நின்றது. சிவப்புச் சேலையில் குட்டி ராஜாத்தி வாசலில் நின்றாள்.

பெரிய ராஜாத்தி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கெட்டிமேளம் ஒலிக்கவில்லை. திரையில், போர் நடைபெறவில்லை என்று எழுத்து வந்தது. டீயோடு திரும்பிய பூபதி அதைப் படித்துவிட்டு முகம் சிவந்தார்.

"எத்தனை யானையைக் கொன்றாய்?"

"ஒண்ணும் கொல்லலீங்க. அது தின்னுட்டுப் போயிடுச்சு. வயலு இருக்குதுங்களே."

"வயல் இருக்கிறது என்பது ஒரு விஷயமா? போர் எங்கே? எதிரியே இல்லாமல் செய்துவிட்டால் இந்த மையம் எதற்கு, நான் எதற்கு? சண்டை போடாமல் காப்பாற்றிய நிலம் காப்பாற்றிய நிலம் ஆகாது." பூபதி மண்டபத்துக்கே கேட்கும்படி அறிவித்தார். "காக்க இயலாத நிலம்."

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஜெயப்ரியா தன் வேலைக்குப் பயந்து நிலையை மறுபடி மிகக் கடினத்துக்கே ஏற்றி வைத்தாள். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நிலத்தைத் தொழிற்பேட்டையிடம் யானை நீக்கிக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். வீட்டைக் காலி செய்து கொடுப்பது போலத்தான். அதற்காக நாராயணப்பன் தலைமையில் படை கிளம்பியது. படை என்றால் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து வந்த பையன்கள், வாட்ச்மேன், ஸ்பீக்கர் கட்டிய ஜீப்பில் பூபதி. ராகி முற்றி நின்ற மார்கழி மாதம், விடிந்தும் பனி விலகாத நேரம். யானைக் கூட்டம் காட்டோர மூலையில் நின்று எப்போதும் போலத் தின்றுகொண்டிருந்தது. ஒரு பெட்டை, ஒரு குட்டி, இரண்டு மூன்று இளவட்டங்கள், கொஞ்சம் தள்ளி ஒரு கொம்பன்.

திம்மராயன் வயல் காவல் பரண் மேல் இருந்தான். அவன் இறங்கி ஓடி வருவதற்குள் பூபதி ஸ்பீக்கரில், "இடப்பக்கச் சுற்று," என்று உத்தரவிட்டார். பையன்கள் இடப்பக்கமாகச் சுற்றிப் போய்க் குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் வெடியைக் கொளுத்திப் போட்டார்கள். திரையில் இந்த இடத்தில் குட்டி தனியாகப் பிரிந்து ஓடும், தாய் திகைத்து நிற்கும்.

தாய் திகைக்கவில்லை. ராகிக்குள் அது வந்த வேகத்தில் பையன்கள் ஓடிய திசை தெரியவில்லை. ஒருவனுக்கு இடுப்பு போனது. வாட்ச்மேனைச் சுவரோடு சேர்த்து அழுத்தியதில் சுவரும் போனது. ஜீப் ஒரே தள்ளலில் குப்புறக் கிடந்தது, ஸ்பீக்கர் மட்டும் மண்ணுக்குள்ளிருந்து பூபதியின் அலறலை வயல் முழுக்க ஒலிபரப்பியது.

நாராயணப்பன் ஓடவில்லை. அதைத்தான் திம்மராயன் இன்றுவரை சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்ள முடியாமல் இருக்கிறான். அவர் ராகி நடுவே கையில் துப்பாக்கியோடு, நிதானமாக, கால் அகட்டி நின்றார். கொம்பன் எதிரே வந்தது.

"ஓடுங்கண்ணா, ஓடு," என்று திம்மராயன் வரப்பிலிருந்து கத்தினான்.

"இரு, நிக்கும்," என்றார் நாராயணப்பன்.

அது ரெண்டு எட்டு வைத்தது. மூன்றாவது எட்டும் வைத்தது. துதிக்கை அவரைத் தூக்கி வரப்பில் அடித்த சத்தம் ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போல இருந்தது. பிறகு கால். பிறகு கூட்டம் மொத்தமும் அவர் மேலும், ராகியின் மேலும், சாமிக்கு விட்ட மூலையின் மேலும் ஓடி, உடைந்த சுவர் வழியே தொழிற்பேட்டைக்குள் புகுந்து, அங்கே வரிசையாக நின்ற பைக்குகளை மிதித்துக்கொண்டு காட்டுக்குத் திரும்பியது.

திம்மராயன் போய் அவர் தலையை மடியில் வைத்தான். மார்புக்குக் கீழே பார்க்கும்படி இல்லை. உயிர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. தெலுங்கில் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நிற்கவில்லையே, அது நிற்கவில்லையே என்று அதற்கு அர்த்தம். அவர் திம்மராயன் நிலத்தின் மேல் கண் வைத்தவர், அவனுக்கு நல்லது நினைத்தவர் இல்லை. ஆனாலும் திம்மராயன் வாய்விட்டு அழுதான். கூட வளர்ந்தவர், அதே மூலையில் அவனோடு நின்று சாமியைக் கும்பிட்டவர். ஒரு பொய்யை நம்பி ஒரு மனுஷன் கால் அகட்டி நின்று செத்ததை நினைக்க நினைக்க அழுகை அடங்கவில்லை.

அன்றைக்கு வெள்ளைத் துணி நிஜமாகவே தேவைப்பட்டது. மையத்தின் துணியையே கொடுத்தார்கள். காரியம் முடிந்ததும் துவைத்துத் திருப்பித் தரச் சொன்னார்கள்.

விசாரணை அதே மண்டபத்தில் நடந்தது. மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி ஒரு சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். இன்னொன்றில், தோளில் கட்டோடு, பூபதி. இந்த முறை தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

"படையின் வீரத்தில் குறை இல்லை," என்றார் பூபதி. "வியூகத்தில் குறை இல்லை. அதே வியூகத்தால் நான் எண்ணற்ற முறை வென்றிருக்கிறேன். ஆகவே குறை யானையில் இருக்க வேண்டும். அந்த யானைகள் எந்த நிலையில் வைக்கப்பட்டிருந்தன என்பதுதான் நாம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி."

அதிகாரி இதை மிகவும் ரசித்தார். ஜெயப்ரியாவை அழைத்து, திம்மராயன் வயல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்.

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு திம்மராயனைப் பார்த்தாள். "மிகக் கடினம் சார்," என்றாள்.

மண்டபத்தில் எல்லோரும் மூச்சை இழுத்துக்கொண்டார்கள். மர்மம் விலகிவிட்டது. எளிது நிலைக்குப் பழகிய படையை, யாரும் சொல்லாமல், மிகக் கடினமான யானைகள் இருந்த வயலுக்குள் அனுப்பியிருக்கிறார்கள்.

"உன் வயல் யானைகள் மிகக் கடினம் என்று ஏன் முன்கூட்டியே தெரிவிக்கவில்லை?" என்று அதிகாரி திம்மராயனைக் கேட்டார்.

"சாமிங்களுக்கு அதெல்லாம் தெரியாதுங்க ஐயா. அதுங்க எப்பவும் போலத்தான் வந்துச்சுங்க."

"எப்பவும் போல என்றால், எப்பவுமே மிகக் கடினம் என்கிறாய். பதிவு செய்துகொள்ளுங்கள்."

தீர்ப்பு இப்படி வந்தது. திம்மராயனைக் கண்டிக்கிறோம். பூபதியின் வீரத்துக்குப் பாராட்டு. பொதுமக்களின் பாதுகாப்புக்காக அந்த வயலில் நிலையைக் குறிக்கும் எச்சரிக்கைப் பலகை வைக்கப்படும். அதேபடி ஆட்கள் வந்து, மிதிபட்டுச் சேறாகிக் கிடந்த ராகிக்கு நடுவே, மஞ்சள் போர்டு ஒன்றை நட்டார்கள். மிகக் கடினம் என்று அதில் கறுப்பில் எழுதி, கீழே ஒரு மண்டையோடும் வரைந்திருந்தது.

அந்த வருஷம் ஒரு பிடி ராகி வீட்டுக்கு வரவில்லை. ராஜாத்தி ரேஷன் அரிசிதான் பொங்கினாள், களி இல்லாத சாப்பாட்டைத் திம்மராயன் தின்றான். ஆனால் ஒரு விஷயம் நடந்தது. நிலத்தைக் கேட்டு வந்துகொண்டிருந்த ஆட்கள் வரவில்லை. தொழிற்பேட்டை முதலாளிகள் போர்டைப் படித்தார்கள். மிகக் கடினமான யானை இருக்கும் இடத்தில் ஷெட் போட இன்சூரன்ஸ் கிடைக்காது என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். சுவரை இடிந்த இடத்திலேயே திரும்பக் கட்டிக்கொண்டார்கள். மழை வந்ததும் திம்மராயன் போர்டைச் சுற்றி உழுதான், விதைத்தான். காட்டோர மூலையையும் விட்டான்.

ராகி மறுபடி பால் பிடித்தது. ஒரு காலை நேரம் ஜீப் வந்தது. புது ஜீப், புது ஸ்பீக்கர். பூபதியும், கூடவே நிலம் அளக்கிறவர்களும், குறிப்பு எழுத ஒரு உதவியாளரும் இறங்கினார்கள்.

"திம்மராயன், உங்களுக்கு ஒரு நல்ல செய்தி," என்றார் பூபதி. "உங்கள் வயலை எளிது நிலைக்கு மாற்ற அரசு கருணையோடு முன்வந்திருக்கிறது. நீங்கள் சம்மதித்தால் இன்றைக்கே போர்டை எடுத்துவிடலாம். எளிதான நிலமாகிவிட்டால் பிறகு யாருக்கும் தொந்தரவு இல்லை. சுவரும் இந்தப் பக்கம் வந்துவிடும்."

திம்மராயன் அவரைப் பார்த்தான். ஜீப்பைப் பார்த்தான். நில அளவையாளன் ஏற்கெனவே ராகிக்குள் காலை வைத்து, கதிரை மிதித்துக்கொண்டு சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தான்.

திம்மராயன் செருப்பைக் கழற்றினான். வரப்பில் ஏறி நின்றான். இரண்டு கையையும் கூப்பினான்.

"நீ பெரியவன் சாமி. நாங்க சின்னவங்க. தின்ன வரைக்கும் போதும். வந்த வழியில போயிடு. ஹோகு சாமி, ஹோகு."

பூபதியின் முகம் மலர்ந்தது. உதவியாளரிடம் திரும்பினார்.

"இரண்டு கையையும் எடுத்துவிட்டான், பார்த்தாயா? சரண் என்று எழுதிக்கொள்."

திம்மராயன் இன்னொரு முறை சொன்னான். ஜீப் போகவில்லை. அவன் கையை இறக்கிவிட்டு, வீட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். ராஜாத்தி அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையோடு அப்போதே வெளியே வந்திருந்தாள். இடுப்பில் சரவெடி. அவசரப்படாமல் நடந்து ஜீப்புக்கு அடியில் குனிந்தாள்.

கும்பிட்டு முடித்த பிறகு என்ன நடக்கும் என்பது மையத்தின் விளையாட்டில் எந்த நிலையிலும் கிடையாது. பூபதி இடமும் வலமும் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.